ஜிம் வீட்டில் வைத்த பை

1

குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு கேள்வி: கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்த நாட்டைவிட்டு வெளியே இருந்த நாட்கள், போன இடம், போன காரணம்.

தர்மபுரிக்குப் போனது இரண்டு முறை. ஒன்று அப்பா காரியம். இன்னொன்று அண்ணன் மகள் கல்யாணம். இரண்டுக்கும் காரணம் எழுதுவதில் சிரமமில்லை. மூன்றாவது வரியில் நார்வே என்று எழுதினேன். ஐந்து நாள் என்று எழுதினேன். காரணத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. கட்டம் கட்டைவிரல் நீளம்தான். ‘சுற்றுலா’ என்று எழுதினால் அடங்கும். மகளோடு நடக்கப் போனேன், நடக்கவில்லை என்று எழுதினால் அடங்காது.

அடங்காததை இங்கே எழுதுகிறேன். முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஐரோப்பாவில் ஊர் சுற்றுகிறான், கொடுத்துவைத்தவன் என்று ஊரில் சிலர் சொல்வதாகக் கேள்வி. பை இருந்தது உண்மை.

2

நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், அபர்டீன் என்ற ஊரில். வீடு, தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே சாம்பல் கல். தர்மபுரிப் பக்கத்துப் பாப்பாரப்பட்டிக்காரனுக்குக் கல் புதிதல்ல. ஆனால் எங்கள் கல் வெயிலில் சுடும். இந்தக் கல் ஆண்டு முழுக்கப் பிழியாத துணி மாதிரி நிற்கும்.

வந்தது என் திறமையில் இல்லை. என் மனைவி சித்ரா நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும், ஆறு வயது மகள் கயலும் வந்தோம். என் முதல் அட்டையில் ‘சார்ந்திருப்பவர்’ என்று அச்சிட்டிருந்தது. பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்தச் சொல்லிலிருந்து நான் முழுதாக இறங்கவில்லை. விடிகாலையில் ஒரு பேரங்காடியின் ரொட்டிப் பிரிவில் மாவு பிசைகிறேன். பகலில் எழுதுகிறேன், நடக்கிறேன், எழுதியதைக் கிழிக்கிறேன். ஓரிடத்தில் தரிக்காத உடம்பு.

சித்ராவும் கயலும் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினார்கள். நான் வாங்கவில்லை. பாப்பாரப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் என் அண்ணன் மாதையன், “டேய், பாஸ்போர்ட்ட மாத்துனா நெலத்துல உம் பேரு போயிரும்டா. பாகம் பிரியற வரைக்கும் பொறு” என்றார். சட்டம் அப்படித்தானா என்று நான் யாரையும் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். மாறாமல் இருக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அண்ணன் கொடுத்தார்.

அதனால் எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் இரண்டு நிறப் பாஸ்போர்ட்டுகள். விமான நிலையத்தில் அவர்கள் இருவரும் சொந்த வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி போய்விடுவார்கள். நான் நீள வரிசையில் நிற்பேன். முதல் தடவை கயல் வரிசைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, நான் வெளியே வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்கடுத்த தடவை, “நான் போய் பெட்டி எடுக்குறேன்ப்பா, நீங்க வாங்க” என்று போய்விட்டாள். பிள்ளை விலகுவதற்கு எனக்குத் தெரிந்த அளவுகோல் அந்தக் கயிறுதான்.

3

போன வருடம் அவளுக்கு இருபத்தொரு வயது. படிப்பை முடித்திருந்தாள். கடற்பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலை நியூசிலாந்தில் கிடைத்திருந்தது. இரண்டு வருடம், அதற்குமேலும் ஆகலாம். கிளாஸ்கோவில் தனியாக இருந்தவள் ஒரு மாலையில் போன் செய்தாள். வழக்கமாக எங்கள் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், குளிரா, குளிர், அம்மாகிட்ட குடுங்க.

அன்று அம்மாவைக் கேட்கவில்லை.

“அப்பா, நான் போறதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் நடை பண்ணலாமா? நார்வேல, ஒரு தீவுல. பத்து நாள். டென்ட் நான் தூக்குறேன்.”

“நடை பண்றதா?”

“நடக்குறதுப்பா. புரியுதுல்ல, விடுங்க.” பிறகு சொன்னாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வீட்ல உக்காந்து மூஞ்சியப் பாத்து எனக்குச் சொல்ல வரல. ரெண்டு தடவ ட்ரை பண்ணேன். பக்கத்துல பக்கத்துல நடந்தா வரும்னு தோணுது.”

“என்னம்மா அது? இப்பவே சொல்லேன்.”

“நடக்கும்போது.”

அந்த இரண்டு தடவையில் ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. அவளுக்குப் பதினேழு வயது. சமையலறைக்கு வந்து குளிர்பெட்டியில் சாய்ந்து நின்று, “அப்பா, ஒரு நிமிஷம்” என்றாள். நான் அவளுடைய கார் ஓட்டும் தேர்வுக்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். “ராகு காலம் முடியட்டும், அப்புறம் சொல்லு” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவளும் சிரித்தாள். போய்விட்டாள். ராகு காலம் முடிந்தது. அவள் திரும்பி வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

மற்றொரு தடவை எதுவென்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முயன்றிருக்கிறாள். அது நடந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

சித்ராவிடம் சொன்னேன். “போயிட்டு வாங்க” என்றாள். “அவ பேசுறப்ப நடுவுல பூந்து பேசாதீங்க. ஊர்க்கதை சொல்லாதீங்க. கவிதை வேண்டவே வேண்டாம். காதை மட்டும் எடுத்துட்டுப் போங்க.”

“உனக்குத் தெரியுமா, என்னன்னு?”

“எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு” என்று பையை எடுத்தாள்.

4

கயலுக்கு விசா வேண்டாம். எனக்கு வேண்டும். வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, காப்பீடு, போக வர டிக்கெட், இந்த நாட்டுக்கு நான் திரும்பி வருவேன் என்பதற்குச் சான்று. ஒவ்வோர் இரவும் எந்த முகவரியில் தங்குவீர்கள் என்று ஒரு கேள்வி. பத்து இரவும் கூடாரம். மலைச்சரிவுக்கு முகவரி எங்கே வாங்குவது? கயல் ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள். ‘நானும் என் அப்பாவும் நடக்கப் போகிறோம். இரவு எங்கே வருகிறதோ அங்கே தங்குவோம். கூடாரம் என்னுடையது. அவர் என் பொறுப்பு.’ கடைசி வாக்கியத்தைப் பல முறை வாசித்தேன். ‘சார்ந்திருப்பவர்’ என்பதையே என் மகள் எவ்வளவு மரியாதையாக எழுதிவிட்டாள்.

காகிதங்களையும் பாஸ்போர்ட்டையும் நேரில் கொடுத்துக் கைரேகை வைக்க வேண்டும். எடின்பரோவில் உள்ள விசா மையத்தில் ஒரு வியாழக்கிழமை காலை நேரம் கிடைத்தது. ஆகஸ்ட் மாதம். கயலின் நடை செப்டம்பரில். கணக்கு சரியாக இருந்தது.

அண்ணன் ஞாயிறுதோறும் வீடியோவில் வருவார். அவர் நெற்றியும் கடையின் மின்விசிறியும்தான் தெரியும்.

“எந்தக் கெழமடா போற?”

“வியாழன்.”

“எந்தத் தெச?”

“தெக்க. ரெண்டரை மணி நேரம் ரயில்ல.”

நெற்றி சுருங்கியது. “வியாழக்கெழம தெக்கால சூலம்டா. படிச்சவன்தான நீ?”

“அண்ணா, இங்க அதெல்லாம் எங்க…”

“ஏன், அங்க தெக்கு கெடையாதா? சூரியன் என்ன மேக்கால மொளைக்குதா? வேற கெழம கேளு.”

“கெடைக்காதுண்ணா. இத விட்டா எப்பன்னே தெரியாது.”

“அப்ப பரஸ்தானம் வெச்சிரு. புதங்கெழமையே. அப்பா உனக்கு வெக்கலையா? நான் மெட்ராஸுக்குப் போறப்ப வெக்கலையா?”

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போக வேண்டிய நாள் அந்தத் திசைக்கு ஆகாது என்றால், முந்தைய நாளே பயணப் பையை வீட்டைவிட்டுக் கிளப்பி, போகிற திசையில் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது எங்கள் குடும்பத்து வழக்கம். பை கிளம்பிவிட்டால் ஆளும் அன்றைக்கே கிளம்பியதாகக் கொள்ள வேண்டும். மறுநாள் வெறுங்கையோடு வந்து பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். சூலம் யாரைக் குத்துவது என்று தெரியாமல் நிற்கும்.

“வெறும் துணிய வெச்சிட்டு சாமிய ஏமாத்தாத” என்றார் அண்ணன். “எது இல்லாம நீ போகவே முடியாதோ அது அந்தப் பையில இருக்கணும்.”

நம்பினேனா என்று கேட்டால், பாதி. மிச்சப் பாதி பயம். என் வாழ்க்கையில் எத்தனையோ பயணங்களை நாளும் திசையும் பார்க்காமல் அலட்சியமாகத் தொடங்கியிருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் எந்தப் பக்கத்திலிருந்தும் இடைஞ்சல் வரக் கூடாது என்று இருந்தது. என் மகள் எனக்குப் பத்து நாள் கொடுத்திருந்தாள்.

எங்கள் தெருவில் தெற்கே நாலாவது வீடு ஜிம்முடையது. மீன்பிடிக் கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். மிஞ்சும் ரொட்டியை நான் கொடுப்பேன். அவர் மீன் கொடுப்பார். புதன்கிழமை மாலை பையோடு போனேன். மேல் அறையில் காகித உறை. அதற்குள் பாஸ்போர்ட், கயலின் கடிதம், எல்லாம்.

“அப்படியானால் உன் பை உனக்கு முன்னாடியே விடுமுறைக்குப் போகிறது” என்றார் ஜிம்.

“அப்படித்தான்.”

“கப்பலில் நாங்கள் விசிலடிக்க மாட்டோம். காற்று வந்துவிடும். அதனால் உன்னைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமையில்லை.” பையை வாங்கிக் கூடத்தில் வைத்தார். “காலை ஐந்தரைக்கா? நான் நாலரைக்கே எழுந்துவிடுவேன். தேநீர் குடித்துவிட்டுப் போ.”

5

ஆகஸ்டில் இப்படிக் காற்று அடிக்காது என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். புதன் மாலை ஏழு மணிக்குத் தொடங்கியது. கல் வீடு என்பதால் எங்களுக்குச் சத்தம் மட்டும்தான். கடலைவிட்டுத் தள்ளி, மலையடிவாரத்து ஊர்களில் மின்சாரம் போனது. அங்கே ஜிம்மின் அக்கா இருக்கிறாள். அவள் வீட்டு ஓடுகள் பறக்கின்றன என்று போன் வர, ஜிம் காரை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். திரும்புகிற சாலையில் மரங்கள் விழுந்துவிட்டன. கைபேசிக் கோபுரமும் செத்துவிட்டது. இதெல்லாம் எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

வியாழன் காலை ஐந்தரைக்கு நான் அறிந்தது ஒரு பூட்டிய கதவு. கார் நிற்கும் இடத்தில் கார் இல்லை. போன் செய்தேன். ‘தொடர்புகொள்ள இயலவில்லை.’ சன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கூடத்து விளக்கு எரிந்தபடி இருந்தது. என் பை நாற்காலியின்மேல், விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. எனக்கும் அதற்கும் நடுவே இரண்டு முழம்.

தோட்டத்து ஓரத்தில் இருந்து ஒரு கல்லை எடுத்தேன். சின்னச் சன்னல்தான். கண்ணாடிக்கு ஜிம்மிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். கையை ஓங்கியும்விட்டேன். எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்தது. ஒரு பெண் முகம். அவள் பார்த்தது என்னவாக இருக்கும்? விடிகாலையில், புயல் முடிந்த தெருவில், ஆளில்லாத வீட்டின் சன்னல் முன்னால், கையில் கல்லோடு ஒரு கறுத்த மனிதன். பதினைந்து வருடம் அந்தத் தெருவில் இருக்கிறேன். அவள் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் அவளுக்கும் தெரியாது.

கல்லைக் கீழே வைத்தேன். வைத்த இடத்தில் அது சரியாக உட்காரவில்லை என்று காலால் திருத்தினேன். அவளுக்குத் தோட்ட வேலை மாதிரி தெரியட்டும் என்று.

ரயில் அரை மணி தாமதமாகக் கிளம்பிப் போனதாக நிலையப் பலகை காட்டியிருக்கும். அதில் என் இருக்கை போயிருக்கும்.

6

முதல் தடவை எனக்குப் பரஸ்தானம் வைத்தது அப்பா. கல்லூரியில் சேரப் போனேன், பொம்மிடியில் ரயில் ஏறி. நாள் சரியில்லை என்று முந்தைய நாளே பையைக் கொண்டுபோய் ஸ்டேஷன் எதிரே காதர் பாய் தையல்கடையில் வைத்தார். மார்க் சீட், டி.சி., சாதிச் சான்றிதழ் அத்தனையும் அதில். மறுநாள் மத்தியானம் போனால் பாய் கடையில் இல்லை. பக்கத்து டீக்கடைக்காரர், “பையா? பாய் சம்பந்தி வூட்டுக்குப் போயிட்டாரு. பைய எங்கிட்ட குடுத்தாரு. நான் சரக்கு எடுக்கப் போனதால மருந்துக்கடையில குடுத்தன்” என்றார். மருந்துக்கடைக்காரர் ஸ்டேஷன் போர்ட்டரிடம் கொடுத்திருந்தார். போர்ட்டர் பையின்மேல் காலை நீட்டிப் படுத்திருந்தார். “யாரு, மெட்ராஸ் காலேஜா? ஒரு மணி நேரமா உன்னைத்தான் தேடறன்” என்று எழுந்து நீட்டினார்.

அப்போது அதை அப்பாவின் நல்ல நேரம் என்று நினைத்தேன். ஜிம் வீட்டு வாசலில் நின்றபோதுதான் புரிந்தது. கைமாறிக் கைமாறி வந்து சேர ஒரு தெருவே வேலை செய்தால்தான் பரஸ்தானம் நடக்கும். நாள், திசை, சூலம் என்று வழக்கத்தின் மேல்துணியை மட்டும் நான் கொண்டுவந்திருந்தேன். உடம்பு பொம்மிடியில் இருந்தது.

7

வெள்ளிக்கிழமை மாலை ஜிம் பையோடு வந்தார். மூன்று நாள் தாடி. அவர் வாயைத் திறக்குமுன் நான், “பரவாயில்லை” என்றேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். “ஒரு சாவி உன்னிடம் கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை” என்றார். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதுதான் எங்கள் பதினைந்து வருடம்.

அடுத்த நேரம் மூன்று வாரம் கழித்துக் கிடைத்தது. கயலிடம் சொல்ல வேண்டும். சொன்னேன். புயல் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

“அதாவது, பாஸ்போர்ட்ட எடுத்து வேற ஒருத்தர் வீட்ல வெச்சீங்க.”

“ஆமா.”

“ஏன்னா வியாழக்கிழமை.”

“கயல், அது வந்து…”

“இல்லப்பா, கேக்குறேன். நான் ஒண்ணு சொல்லணும்னு சொன்னேன். நீங்க கேலண்டர் பாத்தீங்க.” அவள் குரலில் கோபம் இல்லை. கணக்கெடுக்கிறவளின் குரல். “சரி, விசா வந்தா வாங்க. நான் டேட் மாத்த முடியாது. நான் நடந்துட்டு இருப்பேன். எங்க சேர முடியுதோ அங்க சேருங்க.”

உனக்காகத்தான் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் தேர்வுக்கும், அவள் கல்லூரி விடுதிக்குப் போன நாளுக்கும், அவளுக்காகத்தான் பார்த்தேன். விடுதிக்குப் போன அன்று எமகண்டம் முடியும்வரை காரில் உட்காரவைத்திருந்தேன். மற்றப் பிள்ளைகள் அறைகளைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்குக் குப்பைத்தொட்டிப் பக்கத்து அறை கிடைத்தது. ஒரு வருடம் அந்தச் சன்னலைத் திறக்காமல் இருந்தாள்.

விசா மையத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண் கயலின் கடிதத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “கொடுத்துவைத்தவர் நீங்கள்” என்றாள். பத்து விரலையும் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் அழுத்தச் சொன்னாள். மாவு பிசைந்து தேய்ந்த ரேகை. மூன்று முறை அழுத்திய பிறகுதான் இயந்திரம் நான் இருப்பதாக ஒப்புக்கொண்டது.

பாஸ்போர்ட் தபாலில் வந்தபோது கயல் நடக்கத் தொடங்கி ஆறு நாள் ஆகியிருந்தது. விசாவில் தேதிகளைப் பார்த்தேன். நான் படிவத்தில் கேட்டவையே. அவள் நடையின் முதல் நாளில் தொடங்கிப் பன்னிரண்டாம் நாளில் முடிகிறது. கேட்டதை அப்படியே கொடுத்திருந்தார்கள், பாதி தீர்ந்துபோயிருந்தது.

8

ஏழாம் நாள் வடநார்வேயின் துறைமுக ஊர் ஒன்றில் இறங்கினேன். தீவுக்குக் கப்பலில் நாலு மணி நேரம். கப்பல் இல்லை. மழையும் காற்றும் கடலை எடுத்துக்கொண்டிருந்தன. தரைவழியாகச் சுற்றிப் போகும் பேருந்துக்கு எனக்கு முன்பே எல்லாரும் ஓடி இடம் பிடித்திருந்தார்கள்.

துறைமுகக் காத்திருப்புக் கூடம் சின்னது. என்னைப்போல் முப்பது பேர், முப்பது முதுகுப்பை. ஈரக் காலுறைகளைச் சூடேற்றியின்மேல் வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். சீட்டுக்கட்டு விளையாடினார்கள். எல்லாரும் என் மகள் வயது. ஒரு பையன் என்னிடம், “மாமா, உங்களுக்கு இடம் வேண்டுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். பஞ்சாபிப் பையன். தள்ளி உட்கார்ந்தான். டிக்கெட் சன்னலில் இருந்த நார்வேக்காரப் பெண்மணி மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே வந்து சொல்வாள். “இப்போது இல்லை. அடுத்த தகவல் மூன்று மணிக்கு.” அடுத்து, “ஆறு மணிக்கு.” அவள் முகத்தில் வருத்தமும் இல்லை, அலட்சியமும் இல்லை.

தர்மபுரிக்காரனுக்கு மழையைத் திட்ட வாய் வராது. மானாவாரிக் காட்டில் கொள்ளு விதைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தே பிடரி சுளுக்கிய பரம்பரை. மழை என்றால் யாருக்கோ நல்லது நடக்கிறது என்றுதான் உடம்பு நினைக்கும். ஏழாம் நாளும் எட்டாம் நாளும் அப்படித்தான் இருந்தேன். கண்ணாடியில் வழிந்த தண்ணீர் ஒவ்வொன்றையும் எங்காவது ஒரு வயலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் மத்தியானம், “அடுத்த தகவல் மூன்று மணிக்கு” என்று அந்தப் பெண்மணி சொன்னதும் எழுந்து வெளியே போனேன். கப்பலைக் கயிற்றால் கட்டும் இரும்புத்தூணைப் பிடித்துக்கொண்டு, தமிழில், எனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தையையும் மழையைப் பார்த்துச் சொன்னேன். சொல்லி முடித்து உள்ளே வந்தேன். யாரும் கேட்டிருக்கவில்லை. பஞ்சாபிப் பையன் துண்டு கொடுத்தான்.

கயலிடமிருந்து அவ்வப்போது செய்தி வரும். சிக்னல் கிடைக்கும் மேட்டில் இருந்து அனுப்புவாள். ‘பரவால்லப்பா இன்னும் மூணு நாள் இருக்கு.’ ‘டென்ட் ஒழுகுது. ஒரு டச்சு லேடி கூட சேர்ந்து நடக்கிறேன். மரைக்கா. 68 வயசு. என்னைவிட ஃபாஸ்ட்.’ ‘இன்னும் ரெண்டு நாள்.’ ஒன்பதாம் நாள் வந்த செய்தியில் எண் இல்லை. ‘நாளைக்கு பஸ் 12.40. கடைக்குப் பக்கத்து ஸ்டாப். முடிஞ்சா வாங்க.’

9

பத்தாம் நாள் காலை கப்பல் கிளம்பியது. கடல் இன்னும் அடங்கவில்லை. நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். பன்னிரண்டுக்குச் சற்று முன் இறங்கிப் பையோடு ஓடினேன். அவள் பேருந்து நிறுத்தத்துக் கூரையடியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கு வெயிலில்லாமலே கறுத்திருந்தது. தலைமுடி கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தது. எழுந்து கட்டிக்கொண்டாள். ஈரக் கம்பளி வாசனை. இருவர் முதுகிலும் பை இருந்ததால் கை முழுதாகச் சுற்றவில்லை.

நாற்பது நிமிடம் இருந்தது. அவள் பேருந்து விமான நிலையத்துக்கு, அங்கிருந்து நேரே நியூசிலாந்துக்கு; அதில் எனக்கு இடமில்லை.

“சாப்பிட்டியா?” என்றேன்.

“சாப்பிட்டேன். நீங்க?”

“கப்பல்ல… முடியல.”

பிஸ்கட் கொடுத்தாள். அவள் காலணி கிழிந்திருந்ததைப் பார்த்தேன். எங்கே கிழிந்தது என்று கேட்டேன். சொன்னாள். சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. ஆக்லாந்தில் யார் கூட்டிப்போக வருவார்கள் என்று கேட்டேன். அதுவும் சொன்னாள். பத்து நிமிடம் போனது. சித்ரா காதை மட்டும் கொண்டுபோகச் சொன்னாள். நான் வாயால் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தேன்.

“கயல், வா, அப்படியே அந்த ரோட்ல கொஞ்சம் நடப்போம்” என்றேன். “நீ சொல்லணும்னு சொன்னியே.”

அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற சிறுமியின் பார்வை இல்லை. பரிவான, பெரிய மனுஷிப் பார்வை.

“சொல்லிட்டேன்ப்பா.”

“யார்கிட்ட?”

“மரைக்காகிட்ட. நாலு நாள் ஆச்சு சொல்லி முடிக்க.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. பக்கத்துல நடந்தாங்க. நடுவுல ஒரு தடவ ஷூ லேஸ் கட்டுனாங்க.” சிரித்தாள். “நல்லா இருந்துச்சுப்பா. சொன்னதுக்கப்புறம் அது சின்னதா ஆயிருச்சு.”

“எங்கிட்டயும் சொல்லேன்.”

“இப்ப அது எனக்குள்ள இல்லப்பா. மறுபடி எடுத்து சொன்னா, நியூஸ் படிக்கிற மாதிரி இருக்கும்.” என் கையைப் பிடித்தாள். “உங்கமேல கோபம் இல்ல. நிஜமா. முன்னாடி இருந்துச்சு. அதையும் அவங்ககிட்ட சொல்லிட்டேன்.”

கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

பேருந்து நேரத்துக்கு வந்தது. அந்த ஊரில் நேரத்துக்கு வந்த ஒரே பொருள். அவள் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினாள். வண்டி திரும்பும்போது மறுபக்கச் சன்னலுக்கு மாறி மறுபடி காட்டினாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் என் கை சற்றுத் தாமதமாக உயர்ந்தது. அவள் பார்த்தாளா தெரியவில்லை.

10

பதினோராம் நாள் திரும்பிவிட்டேன். சித்ரா கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்.

“உனக்குத் தெரியும்தான?”

ரசத்தை ஊற்றிக்கொண்டே, “ம்” என்றாள்.

“எப்ப இருந்து?”

“அவ ஸ்கூல் முடிக்கறதுக்கு முந்தி இருந்து.”

“சொல்லு.”

“என்னங்க இது. உங்ககிட்ட தானே சொல்லிக்கறேன்னு சொன்னா. நான் வாய் தெறக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கியிருக்கா. அது எங்கூட்டு சமாச்சாரம் இல்லீங்க, அவ சமாச்சாரம்.” சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு, “நோய் நொடி எதுவும் இல்ல. பயப்படாதீங்க” என்றாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

ஒரு வருடம் ஆகிறது. கயல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள். இப்போது இரண்டு நிமிடம் இல்லை, பத்து நிமிடம்கூடப் பேசுகிறாள். அல்பட்ராஸ் என்ற பறவையைப் பற்றிச் சொல்கிறாள். அங்கே குளிரா என்று கேட்கிறேன். குளிர் என்கிறாள். நல்ல பிள்ளை. இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். “அது முடிஞ்சுதுப்பா” என்றாள், தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் இருக்கிற குரலில். மூன்றாவது முறை கேட்கவில்லை.

பொங்கலுக்கு அண்ணனிடம் பேசும்போது, “புள்ள எதோ சொல்லணும்னாளே, சொல்லிச்சா?” என்றார்.

“சொல்லுச்சுண்ணா.”

“என்னவாம்?”

“நல்லாருக்காளாம்.”

“அப்பறம் என்ன? நான் சொன்னன்ல, முறையா கெளம்பினா எல்லாம் நல்லதா முடியும்னு.”

சித்ராவுக்குத் தெரியும். நெதர்லாந்தில் எங்கோ இருக்கும் மரைக்கா என்ற அம்மாளுக்குத் தெரியும். நியூசிலாந்தில் அவளுடைய சிநேகிதர்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். என் மகளின் வாழ்க்கையில் ஏதோ ஒன்று நடந்து, கனத்து, சொல்லப்பட்டு, சின்னதாகி, முடிந்தும் போய்விட்டது. அது என்னவென்று எனக்குத் தெரியாது. இதை வாசிக்கிற உங்களுக்கும் தெரியாது. அவளிடமிருந்து நான் இப்போது நிற்கும் தூரம் அதுதான்: நீங்கள் நிற்கும் தூரம்.